அந்தக் கடைசி நாலு வரி

அன்புக்கும் சண்டைக்கும் உரிய பெரிய சகலைக்கு,

நீங்கள் இருமி இருமிப் போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு வாக்குவாதம் செய்ய ஆளே இல்லை. அக்காவைக் கட்டிய நீங்களும் தங்கையைக் கட்டிய நானும் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வேலைக்காகக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், பெங்களூரு வரும்வரை யாரோ எழுதிய கவிதையை அசை பிரித்துச் சண்டை போடுவோமே, அந்தப் பெஞ்சில் இப்போது பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிப் போகிறார்கள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தி, அச்சில் வந்த எந்த வரியையும் நம்பாத புத்தி மட்டும் ஓய்வு பெறாமல் கூடவே வந்திருக்கிறது.

உங்களுக்கு அந்தப் புத்தி பிறவியிலேயே உண்டு. "எதுகை ரொம்ப அழகா வுழுந்துச்சின்னா, அங்க ஒரு பொய்யி குந்திக்கினு இருக்குது" என்பீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலைக்குப் போய்க்கொண்டே இப்படிப் பேச உங்களால்தான் முடியும்.

இங்கே நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் வீடும் இதில் இருக்கிறது.

சாம்பியன் ரீப்ஸில் பழைய மில்லுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த மைதானம் நினைவிருக்கிறதா? தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மேட்டை ஒட்டி இருக்குமே, அதுதான். மழைக்குப் பிறகு அங்கே லாரிகள் வர ஆரம்பித்தன. பெங்களூருக் குப்பை. யாரோ ஒப்பந்தக்காரராம், யாரோ அனுமதி கொடுத்தார்களாம். யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். காற்று திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஜனங்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். போராட்டக் குழுவுக்குச் செயலாளர் நம்ம தனபால். ஆமாம், அதே தனபால்தான். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கேஜ் கூண்டில் இறக்கிக்கொண்டிருந்தவர், கூட்டம் என்றால் மைக்கை விடாதவர்.

பந்தலில் ஒரு பாட்டு பிறந்தது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. யாரோ பாட, யாரோ பிடித்துக்கொள்ள, ஊர் முழுவதும் பரவிவிட்டது. முதன்முதலாகக் காதில் விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, உங்கள் பாணியில் உடனே சந்தேகமும் வந்தது. கேளுங்கள்:

பொன்னினை எடுத்த பூமி; புழுதியில் புரண்டு வாழ்ந்தோம்;
மின்னிய தங்கம் எல்லாம் மேலவர் கழுத்தில் போச்சு;
என்னதான் மிச்சம் என்றால், இருமலும் மலையும் தானே;
உன்னுடைக் குப்பை கொட்ட ஊரிது மட்டும் தானா?

தட்டிப் பாருங்கள். அறுசீர் விருத்தம். விளம், மா, தேமா. மறுபடியும் விளம், மா, தேமா. ஒரு சீர் பிசகவில்லை. பொன், மின், என், உன் என்று எதுகை. பொன்னுக்குப் புழுதி, மின்னுக்கு மேலவர் என்று மோனை. அதற்கு நடுவே 'போச்சு' என்று நம்ம ஊர்ப் பேச்சு கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இது படித்துத் தெரிந்தவன் வேலையா, பாடிப் பாடிக் காதில் ஏறியவன் வேலையா? நீங்களே எழுதி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போனீர்களோ என்றுகூட நினைத்தேன். ஆனால் நீங்கள் சாகும்போது இந்த லாரிகள் இல்லையே.

அடுத்தடுத்த பாட்டெல்லாம் கேள்வியில்தான் முடிந்தன. கோபம் இருந்தது, ஆனால் கை ஓங்கவில்லை. லாரி ஓட்டுகிறவனைக்கூட ஒரு பாட்டு தம்பி என்றுதான் கூப்பிட்டது:

வண்டியை ஓட்டும் தம்பி, வயிறுதான் விரட்ட வந்தாய்;
கண்டதை ஏற்றச் சொல்லிக் காசினைக் கொடுத்தார் எங்கே?
உண்டதும் தூங்கும் பிள்ளை உனக்குமோர் வீட்டில் உண்டோ?
அண்டையில் இந்த நாற்றம் அதுவுமே முகர லாமோ?

இதைப் பாடும்போது சில லாரிக்காரர்கள் என்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டதை நானே பார்த்தேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பாட்டு துண்டுப் பிரசுரமாக அச்சாகி வந்தது. பந்தலில் ஒரு கட்டு கிடந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அதன் கடைசியில் இந்த நாலு வரி இருந்தது:

கல்லெடு கையில, இனிமே கேள்வி எதுக்கு?
சில்லுசில்லா லாரி கண்ணாடிய நொறுக்கு!
மனு எழுதி மாஞ்சதெல்லாம் போதும் நமக்கு,
மண்ணு நம்ம மண்ணு, இது பழைய கணக்கு!

பறையோடு சேர்ந்து இதைப் பாடினார்கள். மறுநாள் காலை வந்த முதல் லாரியின் கண்ணாடியில் கல் விழுந்தது. ஓட்டி வந்த பூதிகோட்டைக்காரர் முனிராஜுவுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து, முகமெல்லாம் ரத்தம். எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. போலீசுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பிரசுரம்தான். வன்முறையைத் தூண்டியதாக வழக்கு. பாட்டு எழுதியவன்தான் முதல் குற்றவாளி, அவன் பெயருக்கான இடம் மட்டும் அப்போது காலியாக இருந்தது.

பாட்டைக் கன்னடத்தில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் சப்-இன்ஸ்பெக்டர். மைசூர்ப் பக்கத்து இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடமிருந்து ஏதோ பிடுங்கப் போகிறார் என்று தோன்றியது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு, "சார், இந்தக் கடைசி நாலு வரி வேற ஆள் எழுதினது" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க? ஊர்ல கேட்டா, பாதிப் பேரு மொதல்லருந்தே இருந்துச்சுங்கறாங்க, பாதிப் பேரு இல்லங்கறாங்க."

"ஞாபகத்தை நம்பாதீங்க சார். வரியைப் பாருங்க." மேசையில் தட்டிக் காட்டினேன். "முன்னாடி பாட்டுல எல்லாம் வரிக்கு வரி ரெண்டாவது எழுத்து ஒண்ணா வரும். பொன், மின், என், உன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! ஆதிப்ராசா! எங்க கன்னடத்துலயும் இருக்கே. ஸ்கூல்ல அதுக்காக அடி வாங்கியிருக்கேன் சார்."

"அதேதான். இந்த நாலு வரியில பாருங்க, ஓசை ஒத்துமை கடைசியில இருக்குது. எதுக்கு, நொறுக்கு, நமக்கு, கணக்கு. இது வேற காது. இன்னொண்ணு, முதல் ஆளு மூணு சீருக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு விடறாரு. சுரங்கத் தூசியில நெஞ்சு கெட்டவங்க பாடறதுக்குத் தோதா இருக்குது. இந்த நாலு வரியில நிக்க இடமே இல்ல. ஒரே மூச்சுல ஓடணும். சுரங்கத்துக்குள்ள எறங்காத நுரையீரல் சார் இது."

"பாட்டோட பாவம், அதாவது மூட், அது எப்படி?" என்று கேட்டார்.

"முன்னாடி எல்லாம் கேள்வி. இங்க எல்லாம் கட்டளை."

அவர் பிரசுரத்தை என் பக்கம் திருப்பிக் கடைசி வரியில் விரல் வைத்தார். "சரி சார். பாட்டு எழுதினவரை விட்டுடலாம். இந்த நாலு வரி எழுதினது யாரு?"

என் நாக்கு நுனியில் தனபால் பெயர் வந்து நின்றது. காரணம் இருந்தது. ஒப்பந்தக்காரரின் மேனேஜரோடு ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் அவர் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். போராட்டத்தை ரவுடித்தனமாகக் காட்ட, கூலிக்கு யாரையோ எழுத வைத்து, உள்ளே இருக்கிற இவரை வைத்தே நாலு வரி சேர்த்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். சொல்லியிருப்பேன். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது. "திங்கட்கிழமை வாங்க சார்" என்றார்.

நேராகத் தனபால் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர்கிட்ட இன்னா பேசினீங்க?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. "என் மருமகன் அங்கதான் சூப்பர்வைசர். லாரியோட வர்ற டூட்டி அவனுக்குப் போடாதீங்கன்னு கேக்கப் போனேன். நான் இங்க பந்தல்ல குந்திக்கினு, அவன் எதிர்ல வந்து நின்னா எம் பொண்ணு மூஞ்சில முழிக்கறது எப்படி?"

"அந்த நாலு வரி?"

இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகப் பாட ஆரம்பித்தார். அந்த விருத்தம்தான். அதே விளம், மா, தேமா. ஆனால் பந்தலில் யாரும் பாடாத பாட்டு, பிரசுரத்தில் இல்லாத பாட்டு. மூன்று சீருக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். பந்தல் பாட்டை எழுதியவர் இவர்தான்.

சகலை, தனபால்! நாம் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறோம், இந்த மனிதருக்குக் கவிதை வரும் என்று ஒருநாளாவது சந்தேகப்பட்டோமா?

"அந்த நாலு வரி என்னுது இல்லப்பா" என்றார். "ஆனா யாருகிட்ட போய்ச் சொல்றது? அது என்னுது இல்லன்னா மீதி என்னுதுன்னு ஆயிடும். மருமகன் வேலை போயிடும். அந்த டிரைவர் பையனைத் தம்பின்னு எழுதின கை இது. அதே காகிதத்துல அவன் மேல கல்லும் வுழுந்துடுச்சு."

நான் வீட்டுக்கு வந்து பிரசுரத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது வேறொன்று உறுத்தியது. 'இனிமே கேள்வி எதுக்கு?' பாட்டு முழுக்கக் கேள்வி என்பதைக் கவனித்தவர்தானே அப்படி எழுத முடியும்? கூலிக்கு எழுதுகிறவன் இவ்வளவு காது கொடுத்துக் கேட்பானா? அந்த நாலு வரி பாட்டை ஒட்ட வந்ததல்ல. பாட்டோடு சண்டை போட வந்தது. அப்படியானால் ஒப்பந்தக்காரரின் ஆள் இல்லை. நம்மில் ஒருவர். தனபாலின் பாட்டை நேசித்து, அது போதாது என்று கோபப்பட்ட ஒருவர்.

யார்?

உங்கள் மச்சினிச்சி கீரை ஆய்ந்துகொண்டே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நாலு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். "அய்யே, இது நம்ம தேனு எழுதற மாதிரியே கீது" என்று சிரித்தாள்.

அடுத்த கணம் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் மகள் தேன்மொழிதான். நம் குடும்ப வாட்ஸ்அப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அவள் பாட்டு போடுவாளே? என் அறுபதாம் பிறந்தநாளுக்கு, 'சித்தப்பாவுக்கு முடி நரைச்சா டை இருக்கு நமக்கு, பிரியாணி எப்போன்னு மட்டும் பதில் சொல்லுங்க எனக்கு' என்று எழுதினாளே. எல்லா வரியும் 'க்கு'வில்தான் போய் நிற்கும். நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். தவிர, மனு எழுதி மாய்ந்தது யார்? தண்ணீருக்கு, மேட்டிலிருந்து பறக்கிற தூசிக்கு, நம் சுரங்க லைன் வீடுகள் முழுவதற்கும் மனு எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே? உங்கள் காரியத்தன்று அவள் உங்கள் படத்தைப் பார்த்தபடி, "கேட்டுக் கேட்டு இன்னாப்பா கிடைச்சுது உனக்கு?" என்று சொன்னது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அதற்கப்புறம் என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். தேனு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"உன் பாட்டுல சீர் எல்லாம் தறிகெட்டு ஓடுதேம்மா" என்றேன்.

கையில் இருந்த துணியை விடாமல் நின்றாள். எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க சித்தப்பா?"

"க்கு."

அவள் அழுதாள். பிரசுரத்தைத் தான் வேலைக்குப் போகும் பெங்களூரில் தட்டச்சு செய்து அடித்துக்கொண்டு வந்தது அவள்தான். "அவங்க பாட்டு எவ்ளோ நல்லாருந்துச்சு. ஆனா லாரிங்க வந்துக்கினேதான் இருந்துச்சு. எனக்கு எரிச்சல் தாங்கல. எழுதிட்டேன். பாடுவாங்கன்னு நெனச்சேன், எறிவாங்கன்னு நெனைக்கல சித்தப்பா. அந்த டிரைவருக்குக் கண்ணு தெரியுதா?"

"எனக்குத் தெரியாது."

"போய்ப் பாக்கலாமா?"

உள்ளேயிருந்து அக்கா வந்தார். நடந்ததைப் புரிந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. "ஊரே மறந்திருக்கும். நீங்க எதுக்குப்பா அதைப் போய் அசை பிரிச்சீங்க?" என்றார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அன்றைக்கே பங்காரப்பேட்டை போய் பஸ் மாறி பூதிகோட்டைக்குப் போனோம். முனிராஜு வீட்டு வாசலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கண் தப்பியிருக்கிறது, புருவத்தில் தையல். பக்கத்தில் சின்னப் பெண் குழந்தை ஒன்று அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தெலுங்கு வீடு. தமிழ் பேச வருகிறது, படிக்க வராது. தேனு தான் யார் என்று சொன்னாள். எழுதியது தான்தான் என்றும் சொன்னாள். அவருடைய அம்மா தெலுங்கில் கத்த ஆரம்பித்தார். முனிராஜு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா எழுதியிருக்குது, படிம்மா" என்றார்.

அவள் 'வண்டியை ஓட்டும் தம்பி' பாட்டைப் படித்து, தெலுங்கிலும் சொன்னாள். அவர் குழந்தையைப் பார்த்தார்.

"அந்தக் கடைசியில இருக்கறது?"

"அது வேணாண்ணா."

"எனக்காக எழுதினதுதானே? படி."

படித்தாள். குரல் உடைந்தாலும் நாலு வரியையும் படித்தாள். அவர் தலையை ஆட்டியபடி, தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எதுக்கு, நொறுக்கு.

"முதல் பாட்டு நல்லா கீது. ஆனா அது வாயில நிக்கல" என்றார். "இதுதான் நிக்குது. அதான் கல்லு வந்துச்சு."

தேனுவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். அவர் மன்னித்தாரா? தெரியவில்லை. காபி கொடுக்கச் சொன்னார். அம்மா கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டரிடம், "கடைசி நாலு வரி என்னுது சார். மத்தது யாருதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அது உண்மைதான். தனபால் பெயரை நான் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"படிச்ச பொண்ணு. எதுக்கும்மா இப்படி எழுதினே?" என்று கேட்டார் அவர்.

"எங்கப்பா சாகற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாரு சார். ஒருத்தரும் பதில் சொல்லல."

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார்.

இப்போது நிலவரம் இதுதான். வழக்கு இருக்கிறது. தேனு ஜாமீனில் இருக்கிறாள். கம்பெனியில் விஷயம் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அக்கா என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு மட்டும் போடுகிறார். தனபால் ஒருநாள் வந்து தேனுவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவள் எதையோ ஊகித்திருக்கிறாள், கேட்கவில்லை.

லாரிகளா? வருவதில்லை. கல் விழுந்த மறுநாளிலிருந்து வரவில்லை. 'தற்காலிகமாக' நிறுத்தியிருப்பதாகக் கேள்வி. அந்தச் சொல்லை நான் நம்பவில்லை, மைதானத்தை எங்களில் ஒருவர் தினமும் போய்ப் பார்க்கிறார். ஆனால் சகலை, என்னைத் தூங்கவிடாத சந்தேகம் வேறு. அவ்வளவு நாள் அழகாகக் கேள்வி கேட்டோம், லாரி நிற்கவில்லை. ஒரு கல் விழுந்தது, நின்றது. அப்படியானால் எந்தப் பாட்டு நல்ல பாட்டு? எதுகையும் மோனையும் தெரிந்த நமக்கு இதற்கு விடை தெரியுமா? முனிராஜுவின் புருவத்தை நினைத்துக்கொண்டால் ஒரு விடை வருகிறது. உங்கள் இருமலை நினைத்துக்கொண்டால் வேறொரு விடை வருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க என்னால் முடியவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். வழக்கு எத்தனை தடவை வந்தாலும் தேனு தனியாகக் கோர்ட்டுக்குப் போக மாட்டாள். நான் கூட நிற்பேன். அவள் சொல்லாத ஒரு வார்த்தையை எவர் எழுதி நீட்டினாலும், அவள் சொன்ன ஒரு வார்த்தையை எவர் அடித்துவிட்டு நீட்டினாலும், எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் அவளைக் கையெழுத்துப் போட விடமாட்டேன். உங்கள் மகளை நான் காட்டிக் கொடுத்ததாக அக்கா நினைக்கிறார். காட்டிக் கொடுத்த வாயாலேயே அவளுக்காகப் பேசுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்
சின்ன சகலை
கோரமண்டல்